வெளியே வந்த நேரம்

எங்கள் சபையில் போதகரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கேட்டால் வெளியாட்கள் சிரிப்பார்கள். ஓட்டுப் போடுவது கடைசியில்தான். அதற்கு முன்னால், பெயர் கொடுத்தவர் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை ஆலயத்தின் முன்வரிசைப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வாசல் கதவு திறந்தே இருக்கும். அவர்மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள், அவரிடம் எதையாவது கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள், ஒவ்வொருவராக உள்ளே போய் முகத்துக்கு நேரே பேசிவிட்டு வரலாம். முதுகுக்குப் பின்னால் பேசுவதில் எங்கள் ஆட்களுக்கு உள்ள திறமையைப் பார்த்துச் சலித்துப்போன யாரோ ஒரு மகராசன் ஏற்படுத்திய வழக்கமாக இருக்க வேண்டும்.

வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு நீள நோட்டு. அதில் மூன்று கட்டங்கள்: ஆள், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். ஒருவர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவரை விட வேண்டும். எழுத வேண்டியது பெயர் கொடுத்தவரின் மனைவி. எட்டிப் பார்க்கக் கூடாது, காது கொடுக்கக் கூடாது, எழுந்து உள்ளே போகவே கூடாது. ஐந்து மணிக்கு மூன்றாவது கட்டத்தில் ஒரு இடம்கூடக் காலியாக இல்லை என்று பார்த்துவிட்டு, நோட்டின் அடியில் உள்ள வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். ‘இவர் வீட்டிலும் வெளியிலும் ஒரே ஆள்.’ அவ்வளவுதான் வரி. அது இல்லாமல் ஆறு மணிக்குக் கூடும் சபையில் ஓட்டுக்கு விட மாட்டார்கள்.

போன தடவை அதில் கையெழுத்துப் போட்ட போதகர் மனைவியை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன். என் முறை வந்தபோது சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் பதினாறு வருஷமாக அதே சபையில் உபதேசியார். ஞாயிறு பள்ளி, நோயாளிகளைப் பார்ப்பது, அடக்க ஆராதனை என்று போதகருக்கு நேரமில்லாத வேலையெல்லாம் அவர் தலையில்தான். பிரசங்கம் செய்ய ஆரம்பித்தால் கல்லும் கரையும். வீட்டில் வாயைத் திறப்பது டீ கேட்பதற்கு மட்டும். கெட்டவர் இல்லை. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மிக நல்லவர். இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நானும் அப்படித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தையல்காரர் விஷயத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெருவில் ஒரே அறையில் கடையும் வீடுமாக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது, மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். உதட்டில் எப்போதும் நாலைந்து குண்டூசி கவ்விக்கொண்டிருப்பார், அதோடேயே பேசுவார். ‘விழுங்கிடப் போறீங்க’ என்று நான் சொல்லாத நாள் இல்லை. போன வருஷம் படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, பக்கத்தில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அம்மா எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“ஐயா இருக்காரா? தையல்காரருக்கு ரொம்ப முடியல. ஐயா வந்து ஒரு ஜெபம் பண்ணணும்கிறார்.”

ஐயா இருந்தார். உள்ளறையில், அடுத்த ஞாயிறு பேராயர் வரும்போது பேச வேண்டிய பிரசங்கத்தை மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் தெரியும்படி, இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினார். “வெளிய போயிருக்காரும்மா. வந்ததும் அனுப்புறேன்” என்றேன். இரண்டரைக்கு அந்த அம்மா மறுபடி வந்தார். மறுபடி அதையே சொன்னேன். நான்கு மணிக்கு வந்து, “அவசரம் இல்லம்மா, முடிஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னை யாரும் கழுத்தைப் பிடித்துப் பொய் சொல்ல வைக்கவில்லை. பேராயர் மெச்ச வேண்டும், இவர் போதகராக வேண்டும், ஒழுகாத கூரையும் பெரிய சமையலறையும் உள்ள போதகர் வீட்டுக்கு நாங்கள் குடிபோக வேண்டும் என்ற ஆசை எனக்கு அவரைவிட ஒரு பங்கு அதிகம். அந்தப் பொய்யை நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அடக்க ஆராதனையில் இவர் பேசினார். “கடைசி மணி நேரம் அவர் கையை என் கைக்குள் வைத்திருந்தேன். மூச்சு அடங்கும்வரை நான் விடவில்லை” என்றார். ஆலயமே அழுதது. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த மகள் இவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இஸ்திரிக்கார அம்மா எங்கள் சபை இல்லை, அன்று உள்ளே வரவும் இல்லை. வீடு வந்ததும் நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாட்டுக் குழுவில் தன் பையனைச் சேர்க்கவில்லை என்று ஒருவர் போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார். பேக்கரிக்காரர் போனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பதினொன்றரைக்குத் தையல்காரரின் மகள் வந்தாள். இந்தக் கூட்டத்துக்காகவே முந்தின நாள் பஸ் ஏறியிருக்கிறாள். வெளியே வந்து என் மேசைமேல் கையூன்றி நின்றாள்.

“அக்கா, நான் குறை சொல்ல வரல. நன்றி சொல்லத்தான் வந்தேன். அப்பா தனியா போகலங்கிற ஒரே ஆறுதல்லதான் இந்த ஒரு வருஷம் ஓடிச்சு. ஐயாவுக்குத்தான் என் ஓட்டு.”

“போய் ஏதாவது சாப்பிடும்மா” என்றேன். பேனா மை என் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் அடங்கிவிட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெயில் படிக்கட்டின் இரண்டாம் படிவரை ஏறியிருந்தது. நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மேசைக்கு எதிரே நிழல் விழுந்தது.

“ஐயா இருக்காரா?”

“இருக்கார், உள்ள போங்க” என்று தலை நிமிராமலே சொன்னேன். ஆள் என்ற கட்டத்தில் ‘தையல்காரர்’ என்று எழுதினேன். கடிகாரத்தைப் பார்த்து ‘2.30’ என்று எழுதினேன். காலையிலிருந்து பதினேழு பேருக்கு எழுதிய கை, தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. குண்டூசி கவ்விய உதட்டிலிருந்து வரும் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பெயர் கேட்கவே தோன்றவில்லை.

பிறகுதான் எழுதியதைப் படித்தேன்.

நிமிர்ந்தபோது மேசைக்கு முன்னால் யாரும் இல்லை. கதவுக்கு உள்ளே, பெஞ்சுகளுக்கு நடுவே போகும் வழியில் ஒரு முதுகு தெரிந்தது. பழுப்புச் சட்டை, தோளில் தொங்கும் அளவு நாடா. செருப்பில்லாத கால். அந்தத் தரையில் யார் நடந்தாலும் சத்தம் கேட்கும், அன்று கேட்கவில்லை. கத்த வேண்டும் என்று நினைத்தேன். உள்ளே போகக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது என்ற விதி இருந்ததற்கு அன்றுதான் முதன்முதலாக நன்றி சொன்னேன். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பத்து நிமிஷம் போனது. அரை மணி நேரம் போனது. உள்ளேயிருந்து ஒரு இருமல்கூட இல்லை.

மூன்று மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். “உள்ள ஆள் இருக்கு, கொஞ்சம் உட்காருங்க” என்றேன். மூன்றரைக்குள் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“யாரு இவ்வளவு நேரம்? பழைய ஏற்பாட்டைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறாங்களா?” என்றார் ஒருவர்.

“ஒருத்தர்” என்றேன்.

“ஒருத்தர்தான்னு தெரியுது. எந்த ஒருத்தர்?”

நோட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். நாலரை மணிக்கு முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். இவர் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை அந்த நேரத்திலும் எனக்கு வந்தது. மனுஷப் புத்தி அப்படி.

சரியாக ஐந்து மணிக்குத் தபால் மூப்பர் வந்தார். முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையின் மூப்பர்களில் தலைவர். எதையும் உரியவர் கையில் கொடுத்தால்தான் அவருக்கு மூச்சு வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். விரல் நின்றது.

“இங்க வெளியே வந்த நேரம் இல்லையேம்மா?”

“வெளிய வரல.”

“எந்தத் தையல்காரர் இது? நம்ம சபைல இப்ப தையல்காரர்னு யாரும்...” நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இப்போது விதி முடிந்துவிட்டது. நானும் பின்னால் போனேன்.

முன்வரிசைப் பெஞ்சில் இவருடைய வேதாகமம் திறந்திருந்தது. அதன்மேல் மூக்குக் கண்ணாடி. இவர் இல்லை. வேறு யாரும் இல்லை. பக்கவாட்டுக் கதவு உட்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. மூப்பர் தாழைத் தொட்டுப் பார்த்தார், பாத்திரங்கள் வைக்கும் சின்ன அறையைத் திறந்து பார்த்தார், பெஞ்சுகளுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். வாசலை விட்டு நான் ஒரு நொடிகூட அசையவில்லை என்று சத்தியம் செய்தேன்.

“கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கு. தேடிட்டு வாம்மா” என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக நான் கேட்டதில்லை.

எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது தெருவில் இஸ்திரிக்கார அம்மா பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்கும் முன்பே சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் அப்பவே உள்ள போயிட்டாரே. ரெண்டே முக்கால் இருக்கும். முன்னாடி ஒருத்தர் போனாரு, முதுகுதான் தெரிஞ்சுது. வீட்டை வாடகைக்குப் பார்க்கிறாங்களா?”

ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினேன். தையல் மிஷின்மேல் போர்த்திய துணியில் விரல் தடிமனுக்குத் தூசி. வெட்டு மேசை, சுவரில் ஆணியில் மாட்டிய காகித அளவுகள், மூலையில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் பாய்கூட இல்லை. ஆனால் நடுவில் கயிறு தாழ்ந்திருந்தது, ஒரு ஆள் படுத்தால் தாழ்கிற அளவுக்கு.

கட்டில் பக்கத்து முக்காலியில் எங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வலது கையை நீட்டி எதையோ பிடித்திருந்தார். அவர் கைக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய புறங்கையில் நான்கு இடத்தில் தோல் உள்ளே அழுந்தி வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நான்கு இடமும் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

“என்னங்க...” என்றேன்.

“பயப்படாத. ஒண்ணும் பண்ண மாட்டார்.” இவர் என் பக்கம் திரும்பவில்லை. “கோபப்படுவார்னுதான் நெனச்சேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னு மிரட்டுவார்னு நெனச்சேன். அப்படி எதுவும் இல்ல. ‘ஐயா, இப்ப வர்றீங்களா’ன்னு கேட்டார். அவ்வளவுதான்.”

“நீங்க ஏன் வந்தீங்க?”

கட்டில் கயிறு கிறீச்சென்றது.

“இதை யாருகிட்டயும் போய்ச் சொல்லிக்க முடியாது. சொன்னா பைத்தியம்பாங்க. பிரசங்கத்துல வைக்க முடியாது. எனக்கு இதனால எந்தப் பிரயோஜனமும் இல்ல. அதான் வந்தேன்னு நெனைக்கிறேன். இந்தப் பதினாறு வருஷத்துல நான் அப்படி ஒரு வீட்டுக்கும் போனதில்லையே.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர்மேல் இருந்த பயமா, பாசமா, என்மேல் இருந்த வெறுப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆறு மணிக்குக் கூட்டம் என்று நினைவுபடுத்தினேன். பெரிய சமையலறையை அப்போதும் ஒருமுறை நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

“தண்ணி வேணுமாம்” என்றார் இவர். “மூணு தடவை கேட்டுட்டார். இங்க குழாய்ல வரல. நான் எழுந்தா கை விட்டுடும். நீ எங்கயாவது போய்க் கொண்டு வா.”

இஸ்திரிக்கார அம்மா அதற்குள் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அக்கம்பக்கத்துக் கதவுகளும் அடைத்திருந்தன. எல்லாரும் ஆலயத்துக்குப் போயிருக்க வேண்டும், அல்லது நான் சரியாகத் தட்டவில்லை. வீட்டைவிடப் பக்கம் என்று ஆலயத்துக்கு ஓடினேன். ஆலயத்தில் பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்க பீடத்தில், பேசுகிறவருக்காக வைத்திருக்கும் தண்ணீர் டம்ளர் என் கண்ணில் பட்டது. நடுவழியில் நடந்து போய் அதை எடுத்தேன். இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள்.

“ஐயா எங்கம்மா?” என்றார் தபால் மூப்பர். கையில் நோட்டும் பேனாவும் இருந்தன. “தண்ணி யாருக்கு?”

‘அவருக்குத் தலைசுற்றல்’ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு. மூன்றாவது வரிசையில் தையல்காரரின் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு நோயாளிக்கு” என்றேன். “இவர் கூட இருக்கார்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு மணிக்கு வந்து கேட்டது, இரண்டரைக்கு வந்து கேட்டது, உள்ளறையில் இவர் இருந்தது, இல்லை என்று நான் சொன்னது. அடக்கத்தன்று இவர் சொன்ன கை, யாரும் பிடிக்காத கை என்று சொன்னேன். எங்கள் இருவருக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது என்று சொன்னேன். மூப்பரிடம் திரும்பி, “நேத்து வரைக்கும் இருந்தவருக்கு அந்த வரியில நான் கையெழுத்துப் போட முடியாதுங்க” என்றேன். டம்ளரிலிருந்து தண்ணீர் தளும்பி என் புடவையில் கொட்டிக்கொண்டிருந்தது.

வம்புக்கென்றே வருகிறவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகள் எழுந்து என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று கையைத் தொங்கவிட்டு நின்றேன்.

“அப்போ அப்பா தனியாத்தான் போனாரா?”

“ஆமாம்மா.”

அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. அழாமல் நின்றாள். பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள்.

“வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு. வேற சாவி கிடையாது.”

“கதவு திறந்துதான் இருக்கு. நான் உள்ள போயிட்டுத்தான் வர்றேன்.”

“ஐயா இப்ப அங்க என்ன பண்றார்?”

“கையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கார். உங்கப்பா தண்ணி கேக்கறாராம்.”

தபால் மூப்பர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

“இது ஆகாது, ஜில்லுன்னு இருக்கு. அப்பாவுக்கு வெதுவெதுன்னு இருந்தாத்தான் தொண்டைல இறங்கும்” என்றாள்.

நேராகப் பாத்திர அறைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய ஸ்டவ் உண்டு. சட்டியில் தண்ணீரை ஊற்றும் சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்டது. தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை, மேல் தட்டில் தடவினாள். நான் போய் எடுத்துக் கொடுத்தேன்.